விலங்குச் செல்லுக்குள் பசுங்கணிகம்: ஏன் இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை?

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சச்சிஹிரோ மட்சுனாகா தலைமையிலான குழு 2024 அக்டோபர் இறுதியில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் செல்களுக்குள் பாசியிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்களை, அதாவது ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நிறச் செல் உறுப்புகளை, சேர்த்தார்கள். உள்ளே போன பிறகும் அவற்றில் ஒளிச்சேர்க்கையின் முதற்கட்டம் இரண்டு நாள் வரை நடந்ததை அளந்து காட்டினார்கள். அறிக்கை சொன்னது அவ்வளவுதான். செய்தி கைமாறி வந்தபோது, விலங்குச் செல் தாவரச் செல்லாக மாறிவிட்டது, இனி வெயிலில் நின்றாலே மனிதனுக்குப் பசி தீரும் என்ற அளவுக்கு அது பெருத்துவிட்டது.

இந்தக் குழப்பத்தில் நம் பாடப்புத்தகத்து அட்டவணைக்கும் பங்கு உண்டு. செல் சுவர்: தாவரத்தில் உண்டு, விலங்கில் இல்லை. பசுங்கணிகம்: உண்டு, இல்லை. சென்ட்ரியோல்: இல்லை, உண்டு. இப்படி மனப்பாடம் செய்தவருக்கு, ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் விலங்கு தாவரமாகிவிடும் என்று தோன்றுவது இயல்பே. செல்லின் உறுப்புகள் அப்படிக் கழற்றி மாட்டக்கூடியவை அல்ல. பசுங்கணிகம் தாவரச் செல்லில் உயிரோடிருப்பது அந்தச் செல்லின் உட்கரு ஒவ்வொரு நாளும் அதைப் பராமரிப்பதால்தான். இதை விளங்கிக்கொள்ள, இரண்டு செல்களுக்கும் பொதுவானவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

## இரண்டு செல்களுக்கும் பொதுவானவை

தாவரமோ விலங்கோ, செல்லின் எல்லை பிளாஸ்மா சவ்வு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காகச் சேர்ந்த மெல்லிய படலம் அது. அதில் பதிந்திருக்கும் புரதங்கள் எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. உள்ளே உட்கரு. டிஎன்ஏ அங்கே இருக்கிறது. அதன் குறிப்புகளைப் படித்து ரைபோசோம்கள் புரதம் செய்கின்றன. எண்டோபிளாச வலைப்பின்னலும் கோல்கை உறுப்பும் அந்தப் புரதங்களில் ஒரு பகுதியை மடித்து, மெருகேற்றி, போக வேண்டிய இடத்துக்கு அனுப்புகின்றன.

அடுத்தது மைட்டோகாண்ட்ரியா. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா, தாவரத்துக்குப் பதிலாகப் பசுங்கணிகம் என்று பலர் நினைக்கிறார்கள். தாவரச் செல்லில் இரண்டும் உண்டு. பசுங்கணிகம் ஒளியைக் கொண்டு சர்க்கரையைக் கட்டுகிறது. மைட்டோகாண்ட்ரியா அந்தச் சர்க்கரையை ஆக்சிஜனின் துணையோடு உடைத்து, செல் நேரடியாகச் செலவழிக்கக்கூடிய ஏடிபி என்ற மூலக்கூறாக்குகிறது. மரம் பகலிலும் சுவாசிக்கிறது, இரவிலும் சுவாசிக்கிறது. வெளிச்சமே காணாத வேர்ச் செல்கள் முழுக்க முழுக்க மைட்டோகாண்ட்ரியாவை நம்பித்தான் வாழ்கின்றன.

## செல் சுவரும் அதன் விளைவுகளும்

பிளாஸ்மா சவ்வுக்கு வெளியே தாவரச் செல்லுக்கு இன்னோர் உறை இருக்கிறது. முக்கியமாகச் செல்லுலோஸ் இழைகளால் ஆன செல் சுவர் அது. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அறை அறையாக இருப்பதாக எழுதியது இந்தச் சுவர்களைத்தான். உள்ளே இருந்த உயிர்ப்பொருள் எப்போதோ போய்விட்டது. சுவர் மட்டும் நின்றது.

மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் ரியோ என்ற அலங்காரச் செடியின் இலை அடிப்புறத்து ஊதா உரியை வைத்துச் செய்யும் சோதனை, சுவரின் வேலையைக் கண்ணுக்குக் காட்டிவிடும். உரியைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு செல்லும் ஊதா நிறத்தால் விளிம்பு வரை நிரம்பியிருக்கும். அந்த நிறம் இருப்பது செல்லின் நடுவே உள்ள பெரிய நுண்குமிழியில். முதிர்ந்த தாவரச் செல்லின் கொள்ளளவில் 90 சதவீதம் வரை அதுவே பிடித்துக்கொள்ளும். இப்போது கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் அடர்த்தியான உப்புக் கரைசலை விட்டால், சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி உள்நோக்கிச் சுருங்கும். நீர் வெளியேறிவிட்டது, சவ்வு சுருங்கிவிட்டது. சுவரோ இருந்த இடத்திலேயே இருக்கும். மறுபடி நல்ல தண்ணீரை விட்டால், நெடுநேரம் ஆகியிராவிட்டால், ஊதா நிறம் மெல்லப் பரவிச் சுவரைத் தொடும்.

நம் ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் நடப்பது வேறு. சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகும், அணு உப்பும், வெடிக்கும். தடுத்து நிறுத்தச் சுவர் இல்லை. ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் உப்புநீர் 0.9 சதவீதச் செறிவில் தயாரிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். தாவரச் செல்லில் நீர் புகப்புக நுண்குமிழி விரிந்து சுவரை அழுத்துகிறது, சுவர் எதிர்த்து அழுத்துகிறது. இந்த விறைப்பு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 3 முதல் 10 மடங்கு வரை இருக்கலாம். எலும்பு இல்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இதனால்தான். நீர் குறைந்ததும் துவள்வதும் இதனால்தான்.

சுவருக்குக் கொடுத்த விலை அசைவு. சுவர்களால் பிணைந்த செல்கள் இடம் மாற முடியாது. பக்கத்துச் செல்லோடு பேச, சுவரைத் துளைத்துச் செல்லும் பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற நுண்கால்வாய்கள் அவற்றுக்கு வேண்டியிருந்தன. விலங்குச் செல்லுக்கு இந்தக் கட்டு இல்லை. நெளியலாம், ஊரலாம். நம் பேச்சுக்கு மிக முக்கியமான இன்னொன்றையும் செய்யலாம்: சவ்வைக் கைபோல நீட்டி, எதிரில் இருக்கும் துகளைச் சுற்றி வளைத்து விழுங்கலாம். வெள்ளை அணுக்கள் பாக்டீரியாவைப் பிடிப்பது இப்படித்தான். டோக்கியோ சோதனை சாத்தியமானதே விலங்குச் செல்லுக்குச் சுவர் இல்லாததால்தான்.

சென்ட்ரியோல், லைசோசோம், சேமிப்புக்குத் தரசமா (மாவுச்சத்து) கிளைக்கோஜனா என்ற மற்ற வேறுபாடுகளும் உண்மையே. இந்தச் செய்திக்கு அவற்றில் லைசோசோம் மட்டும் பின்னால் தேவைப்படும்.

## பச்சை நிறம் மட்டும் தாவரம் ஆகாது

வெங்காய உரியை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுவர் தெளிவாகத் தெரியும், உட்கரு தெரியும், பசுங்கணிகம் ஒன்றுகூட இருக்காது. இருந்தும் அது தாவரச் செல்தான். உருளைக்கிழங்கிலும் பச்சை இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, தரசம் சேமிக்கும் நிறமற்ற கணிகங்கள் அங்கே இருக்கின்றன.

அந்த உருளைக்கிழங்கை வெளிச்சம் படும் இடத்தில் சில நாள் விட்டுவைத்தால் தோலின் அடியில் பச்சை படரும். தரசக் கணிகங்கள் பசுங்கணிகங்களாக மாறுகின்றன. ஒளி பட்டதை உணர்ந்து, பச்சையம் செய்வதற்கும் ஒளியைப் பிடிப்பதற்கும் வேண்டிய புரதங்களின் மரபணுக்களை உட்கரு இயக்கிவிடுகிறது. அந்தப் புரதங்கள் கணிகத்துக்குள் அனுப்பப்படுகின்றன. (அப்படிப் பச்சையான கிழங்கில் சொலனைன் என்ற நச்சும் கூடியிருக்கக்கூடும் என்பதால் அந்தப் பகுதியை வெட்டி எறிவது நல்லது.) தாவரச் செல்லைத் தாவரச் செல்லாக்குவது பச்சைத் துகளின் இருப்பு அல்ல, அந்தத் துகளை உண்டாக்கிப் பேணும் உட்கருவின் திறன் என்பதற்கு அடுக்களையிலேயே கிடைக்கும் சான்று இது.

## பசுங்கணிகத்தின் பூர்வீகம்

பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனி உயிரி. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஏற்கெனவே மைட்டோகாண்ட்ரியா கொண்டிருந்த ஒரு செல், ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியம் ஒன்றை உள்ளே எடுத்துக்கொண்டது. அது செரிக்கப்படாமல் தங்கிவிட்டது. ரஷ்யத் தாவரவியலாளர் மெரெஷ்கோவ்ஸ்கி 1905-லேயே இந்தக் கருத்தை முன்வைத்தார். 1967-இல் லின் மார்குலிஸ் விரிவான வாதங்களோடு மீண்டும் எழுப்பிய பிறகுதான் அறிவியல் உலகம் அதைப் பொருட்படுத்தத் தொடங்கியது. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இதே போன்ற வரலாறுதான். அது இன்னும் பழையது. இரண்டுக்கும் சொந்த டிஎன்ஏவும் சொந்த ரைபோசோமும் இருக்கின்றன. இரண்டும் பாக்டீரியா போலவே பிளந்து பெருகுகின்றன.

ஆனால் அவை இப்போது சுதந்திரமானவை அல்ல. சேர்ந்து வாழ்ந்த நெடுங்காலத்தில் அவற்றின் மரபணுக்களில் பெரும்பகுதி உட்கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நிலத் தாவரங்களின் பசுங்கணிகத்தில் இன்று எஞ்சியிருப்பவை சுமார் 100 முதல் 130 மரபணுக்கள். அது இயங்கத் தேவைப்படும் புரத வகைகளோ 2,000 முதல் 3,000 வரை. மீதி முழுவதையும் உட்கருவின் குறிப்பைக் கொண்டு வெளியே, உட்கருவைச் சூழ்ந்த கூழான சைட்டோபிளாசத்தில் செய்து, உள்ளே அனுப்புகிறார்கள் என்று சொல்லத் தோன்றும். அனுப்ப அங்கே ஆள் யாரும் இல்லை. ஒவ்வொரு புரதத்தின் முனையிலும் முகவரிபோல ஒரு சிறு தொடர் ஒட்டியிருக்கிறது. பசுங்கணிகத்தின் உறையில் உள்ள புரத வாயில்கள் அந்த முகவரியை அறிந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பிறகு முகவரித் துண்டு வெட்டப்படுகிறது. மனித மைட்டோகாண்ட்ரியாவும் இப்படியே: சொந்த மரபணுக்கள் 37 மட்டுமே, தேவைப்படும் புரதங்கள் ஆயிரத்துக்கு மேல்.

## டோக்கியோவில் செய்தது என்ன?

விலங்குச் செல்லுக்குள் பசுங்கணிகத்தைப் புகுத்தும் முயற்சி புதிதல்ல. 1969-லேயே மார்கிட் நாஸ் என்ற ஆய்வாளர், சுண்டெலியின் செல்கள் பசலைக் கீரை வகையின் பசுங்கணிகங்களை உள்வாங்குவதைக் காட்டினார். உள்ளே போன பிறகு அவை வேலை செய்கின்றனவா என்பதுதான் கேள்வியாகவே இருந்தது.

ஜப்பானியக் குழு மூன்று தேர்வுகளைக் கவனமாகச் செய்தது. முதலாவது, பாசி. சயனிடியோஸ்கைசான் மெரோலே என்ற சிவப்புப் பாசி, அமிலத்தன்மை மிக்க வெந்நீர் ஊற்றுகளில் வாழ்வது. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்திலும் வளரும். எனவே விலங்குச் செல்களை வளர்க்கும் 37 டிகிரி அதன் பசுங்கணிகத்துக்குப் புதிதல்ல. பாசிக்கு உறுதியான செல் சுவர் இல்லை. ஒரு செல்லுக்கு ஒரே ஒரு பசுங்கணிகம். அதுவும் மிகச் சிறியது. உடைத்து எடுப்பது எளிது, விழுங்குவதும் எளிது. இன்னொரு சாதகம், சிவப்புப் பாசியின் பசுங்கணிகம் நிலத் தாவரங்களுடையதைவிட அதிக மரபணுக்களைத் தன்னிடமே வைத்திருக்கிறது; இதில் 200-க்கும் மேல்.

இரண்டாவது, விருந்தோம்பும் செல். ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து 1950-களில் வளர்த்தெடுக்கப்பட்டு, இன்று புரத மருந்துகள் தயாரிக்க உலகெங்கும் பயன்படும் செல் வகை அது. மூன்றாவது, சேர்க்கும் முறை. ஊசியால் செலுத்தவில்லை, மின்னதிர்ச்சி கொடுக்கவில்லை. வளர்ப்புக் கரைசலில் பசுங்கணிகங்களைக் கலந்து வைத்தார்கள். செல்கள் தாமாகவே விழுங்கின.

உள்ளே போனதைக் கண்டுபிடிக்கப் பசுங்கணிகத்துக்குத் தனியாகச் சாயம் ஏற்றத் தேவையில்லை. பச்சையத்தின் மீது ஒளி பட்டால் அது தானே சிவப்பாக ஒளிரும். உட்கருவுக்கு வேறு நிறச் சாயம் கொடுத்து, அதன் அருகே சிவப்புப் புள்ளிகள் செல்லுக்குள்ளேயே இருப்பதைப் படம் பிடித்தார்கள். பிறகு ஒளித் துடிப்புகளைச் செலுத்தி, அந்த ஒளிர்வு ஏறி இறங்கும் விதத்திலிருந்து எலக்ட்ரான் ஓட்டம் நடக்கிறதா என்று அளந்தார்கள். இரண்டு நாள் வரை நடந்தது. அதன் பிறகு, ஒளியைப் பிடிக்கும் தைலகாய்டு சவ்வுகளின் அடுக்கு குலைந்தது. நான்காம் நாள் வாக்கில் பசுங்கணிகம் சிதைந்துகொண்டிருந்தது.

இங்கே அளக்கப்பட்டது ஒளிச்சேர்க்கையின் முதற்கட்டமான எலக்ட்ரான் ஓட்டம். பசுங்கணிகம் சர்க்கரை செய்து ஹாம்ஸ்டர் செல்லுக்கு ஊட்டியதாக அறிக்கை நிறுவவில்லை. செய்திகளில் தொலைந்துபோனது இந்த வேறுபாடு.

## ஏன் நிலைக்கவில்லை?

1. பழுதுபார்க்க ஆள் இல்லை. ஒளியைப் பிடிக்கும் வேலை பிடிக்கும் கருவியையே சிதைக்கிறது. டி1 என்ற மையப் புரதம் பலத்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பழுதாகி, வெட்டி அகற்றப்பட்டு, புதியது வைக்கப்படுகிறது. டி1-க்கான மரபணு பசுங்கணிகத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை மாற்றிப் பொருத்தும் பணியில் ஈடுபடும் புரதங்களில் பல, பாசியின் உட்கருவிலிருந்து வர வேண்டியவை. பாசியின் உட்கரு இங்கே இல்லை.

2. ஹாம்ஸ்டர் உட்கருவிடம் அந்தக் குறிப்புகள் கிடையாது. ஓரிரண்டு மரபணுக்களைச் செயற்கையாகச் சேர்த்தாலும் போதாது, தேவை நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் சரியான முகவரித் தொடரும் சரியான அளவும் வேண்டும். செயற்கை உயிரியலின் இன்றைய கைக்கு இது எட்டாத தூரம்.

3. விழுங்குவது என்பது விலங்குச் செல்லுக்கு உணவோ பகையோ வந்திருக்கிறது என்று பொருள். விழுங்கிய பையோடு லைசோசோம் வந்து சேரும். அதன் நொதிகள் உள்ளே இருப்பதை உடைக்கும். நாம் உண்ணும் கீரையின் பசுங்கணிகங்களுக்குச் செல்லுக்குள் நுழையும் வாய்ப்பே கிடைப்பதில்லை; குடலிலேயே செரித்துவிடுகின்றன.

4. செல் பிளக்கும்போது பசுங்கணிகமும் பிளந்தால்தான் அடுத்த தலைமுறைக்குப் பங்கு போகும். தாவரத்தில் இதற்கான கட்டளையும் உட்கருவிலிருந்தே வருகிறது. இல்லாவிட்டால் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும்போது பெரும்பாலான செல்கள் வெறுமையாகவே இருக்கும்.

நான்கில் முதலாவதுதான் ஆணிவேர் என்பது என் கணிப்பு. செரிமானத்தைத் தடுத்து, பிளவையும் ஒழுங்குபடுத்திவிட்டாலும், பழுதுபார்ப்பு இல்லாத பசுங்கணிகத்துக்கு வெளிச்சமே எமன்.

## இயற்கையில் முன்மாதிரி உண்டா?

ஓரளவுக்கு உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எலிசியா குளோரோடிகா என்ற கடல் நத்தை வாழ்கிறது. ஓடில்லாத, இலை வடிவ உடல். வௌசீரியா என்ற பாசியின் செல்லைத் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சும்போது, பசுங்கணிகங்களை மட்டும் செரிக்காமல் தன் குடற்செல்களில் வைத்துக்கொள்கிறது. அவை மாதக்கணக்கில் அங்கே பச்சையாகவே இருக்கின்றன. பாசியின் மரபணுக்கள் நத்தையின் டிஎன்ஏவுக்குள் புகுந்துவிட்டன என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். நத்தை முட்டைகளின் டிஎன்ஏவை 2013-இல் பரிசோதித்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வௌசீரியாவின் பசுங்கணிகம் பழுதுபார்ப்புக்கு வேண்டிய ஒரு முக்கியப் புரதத்தின் மரபணுவைத் தன்னிடமே வைத்திருப்பது அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், குஞ்சு நத்தை பச்சையாகப் பிறப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பாசியைத் தின்றே ஆக வேண்டும்.

முழுமையான இணைப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, அதே 2024 ஏப்ரலில் வெளியான இன்னோர் ஆய்வு உதாரணம். பிராருடோஸ்பேரா பிகிலோவி என்ற ஒற்றைச் செல் கடற்பாசிக்குள், காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியம் ஒன்று உறுப்பாகவே மாறிவிட்டதை அது காட்டியது. அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர். இதை உறுப்பு என ஏற்றதற்குக் காட்டிய ஆதாரங்கள் இரண்டு. பாசி பிளக்கும்போது அதுவும் ஒழுங்காகப் பிளக்கிறது. பாசியின் உட்கருக் குறிப்பில் உருவான புரதங்கள் அதற்குள் செல்கின்றன. இந்த உறவு சுமார் 10 கோடி ஆண்டுப் பழக்கம் என்று கணிக்கிறார்கள். ஹாம்ஸ்டர் செல்லில் இந்த இரண்டில் ஒன்றும் நடக்கவில்லை.

## வெயிலில் நின்றால் பசி தீருமா?

எல்லாத் தடைகளும் நீங்கி, நம் தோல் முழுவதும் பச்சையாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு நொடிக்குச் சுமார் 15 மைக்ரோமோல் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் என்று கொள்வோம். எட்டு மணி நேரத்தில் அது 0.43 மோல். ஆறு கார்பனுக்கு ஒரு குளுக்கோஸ் வீதம் 0.07 மோல், அதாவது 13 கிராம். ஏறத்தாழ 50 கிலோ கலோரி. மனிதத் தோலின் மொத்தப் பரப்பு இரண்டு சதுர மீட்டருக்குள். ஒரு நேரத்தில் வெயில் படுவது அதிகம் போனால் பாதி. ஆக, உடையில்லாமல் எட்டு மணி நேரம் வெயிலில் கிடந்தால் கிடைப்பது ஓர் இட்லி. அன்றாடத் தேவையோ சுமார் 2,000 கிலோ கலோரி.

மரத்துக்கு இது கட்டுப்படியாகிறது, ஏனென்றால் அது தட்டையான ஆயிரக்கணக்கான இலைகளை விரித்து வைத்திருக்கிறது. நடப்பதில்லை, உடல் சூட்டைக் காப்பதில்லை, மூளைக்குத் தீனி போடுவதில்லை.

## பிறகு எதற்கு இந்த முயற்சி?

ஆய்வுக் குழுவின் நோக்கம் உணவு அல்ல, ஆக்சிஜன். ஆய்வகத்தில் வளர்க்கும் திசுக்களில் ரத்தக் குழாய் கிடையாது. மேல் அடுக்கிலிருந்து ஆக்சிஜன் ஊடுருவக்கூடியது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் ஆழம் வரைதான். அதற்குக் கீழே உள்ள செல்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. மாற்றுத் தோல், செயற்கை உறுப்பு, ஆய்வக இறைச்சி என எல்லா முயற்சிகளும் முட்டி நிற்கும் இடங்களில் இது ஒன்று. திசுவின் உள்ளடுக்குச் செல்களிலேயே ஆக்சிஜன் வெளியிடும் துகள்கள் இருந்தால், விளக்கொளி பாய்ச்சியே அவற்றைக் காப்பாற்றலாம் என்பது எதிர்பார்ப்பு.

இந்தப் பயனுக்குப் பசுங்கணிகம் என்றென்றும் வாழ வேண்டியதில்லை; சந்ததிக்குப் போக வேண்டியதில்லை. வளர்ப்புப் பெட்டியில் வழக்கமாக 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு வைத்திருப்பதால் அதற்கும் பஞ்சமில்லை. எதிரில் நிற்பவை வேறு கேள்விகள். தடித்த திசுவின் உள்ளே ஒளி எவ்வளவு தூரம் போகும்? ஒரு செல்லுக்கு எத்தனை பசுங்கணிகங்கள் இருந்தால் அந்தச் செல் சுவாசிக்கும் அளவுக்கு ஆக்சிஜன் கிடைக்கும்? ஒளிச்சேர்க்கையின்போது உண்டாகும் வீரியமிக்க ஆக்சிஜன் வடிவங்களைச் சமாளிக்கத் தாவரச் செல்லுக்குப் பல பாதுகாப்புகள் உண்டு. விலங்குச் செல் தாங்குமா? இந்தத் துறையிலிருந்து அடுத்த செய்தி வரும்போது, பச்சை நிறப் படத்தைவிட இந்த மூன்றுக்கும் அதில் என்ன எண்கள் தந்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டும்.